அம்மா பெயருக்கு எதிரே ஒரு கோடு

ஃபிக்ரிக்கு அந்தக் கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்ள அரை நிமிடம்கூட ஆகவில்லை. சொந்தக் கையெழுத்து யாருக்குத்தான் மறக்கும்?

கையில் இருந்தது பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய போலீஸ் பதிவேட்டின் நகல். துறைமுகத்துப் பக்கத்து ஸ்டேஷன். அப்போது அவர் அங்கே சப்-இன்ஸ்பெக்டர். இப்போது ரிட்டயராகி, அலெக்ஸாண்ட்ரியாவில் ட்ராம் ஓடும் தெருவில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே, 'விசாரணைகள் மேற்கொள்ளப்படும், ரகசியம் காக்கப்படும்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறார். நகலைக் கொண்டுவந்தவர்களிடம் 'இதை எழுதினதே நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஐயா, படித்துவிட்டீர்களா?" என்றாள் எதிரே இருந்த பெண்.

பெயர் குல்னோரா. உஸ்பெக் நாட்டுக்காரி. அரபு படிக்க வந்தவள், பாஷையோடு சேர்த்து ஒரு படகு எஞ்சின் மெக்கானிக்கையும் கட்டிக்கொண்டாள். புத்தகத்தில் படித்த பாஷை என்பதால் பேச்சும் புத்தகமாகவே வரும்.

"ரேடியோ நியூஸ் ஆரம்பிச்சாச்சு பாஷா, கவனிங்க" என்று மூலையிலிருந்து மெதுவாகச் சொன்னாள் தௌலத்.

தௌலத் அவருடைய உதவியாளர். பழைய போலீஸ் அதிகாரி என்பதால் மரியாதைக்கு அவரை 'பாஷா' என்றுதான் கூப்பிடுவாள். நாற்பத்தைந்து வயது. கோர்ட் வாசலில் பதினைந்து வருடம் மனு டைப் அடித்தவள். ஊரிலுள்ள பொய்யெல்லாம் அவள் விரல் வழியாகப் போயிருப்பதால் யாரையும் சுலபத்தில் நம்பமாட்டாள்.

குல்னோரா அதைக் கண்டுகொள்ளவில்லை. "நான் இங்கே தங்குவதற்கு என் கணவர்தான் பொறுப்பு ஏற்றிருக்கிறார். பொறுப்பு ஏற்பவரின் குற்றப் பதிவுச் சான்றிதழைக் கேட்டார்கள். வாங்கினோம். அதில் திருட்டுக் குற்றம், இரண்டு வருடம் சிறை என்று வந்துவிட்டது. புதன்கிழமை மதியத்துக்குள் அது வேறொரு மனிதர் என்று நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் நான் விமானம் ஏற வேண்டும். ஒருமுறை அனுப்பிவிட்டால், குற்றவாளியின் மனைவிக்கு மறுபடி விசா கிடைக்காது என்று அந்த அதிகாரி சொன்னார்."

அன்றைக்குத் திங்கள்கிழமை.

"பேர் ஒத்துமை சார்" என்றான் புருஷன் ஆஷூர். நாற்பத்தோரு வயது, எண்ணெய்க் கறை போகாத நகம். "என் பேரு, அப்பா பேரு, தாத்தா பேரு மூணும் இன்னொருத்தனுக்கு இருக்கு. நம்ம ஊர்ல இது புதுசா? நான் ஜெயில் வாசப்படிகூட மிதிச்சதில்ல. அல்லா மேல ஆணையா."

"கைரேகை?"

"கலவர வருஷத்துல ஸ்டேஷன எரிச்சாங்கல்ல, அதுல போச்சாம். கோர்ட்ல இருந்த இந்த நகல் மட்டும்தான் மிச்சம்."

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிரித்துக் காட்டுவது அம்மா பெயர்தான். பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. இந்த நகலில் அந்தக் கட்டத்தில் பெயர் இல்லை. ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

ஃபிக்ரி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாக்கறோம்மா. நாளன்னிக்கு மதியத்துக்குள்ள தகவல் சொல்றேன்" என்றார்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் தௌலத் எழுந்து வந்தாள்.

"புருஷன் பொய் சொல்றான் பாஷா."

"எத வச்சு சொல்ற?"

"ஜெயில் பக்கமே போகாதவன் பேர்ல ரெண்டு வருஷம்னு வந்தா என்ன பண்ணுவான்? மேஜையைக் குத்துவான். போலீஸ்காரனோட ஏழு தலைமுறையை இழுப்பான். இவன் நம்ம மேஜைல இருந்த தூசியத் தொடச்சுக்கிட்டு இருந்தான். பொண்டாட்டி கட்டாயப்படுத்தி இழுத்துட்டு வந்திருக்கா." நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "அது சரி, யாரு இந்தக் கோட்டப் போட்ட மகராசன்? அம்மா பேர் எழுதுடான்னா கோடு போட்டிருக்கான். சோம்பேறிப் பய."

"யாரோ ஒரு போலீஸ்காரன்" என்றார் ஃபிக்ரி.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் காதுமடல் வரைக்கும் குறுகுறுத்தது.

அந்த நாள் நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஸ்டேஷனில் எட்டுப் பேர். நடுவில் அந்தப் பையன். பெயர் கேட்டார், ஆஷூர் என்றான். அப்பா பெயர், தாத்தா பெயர், எல்லாம் மடமடவென்று வந்தது. அம்மா பெயர் கேட்டதும் வாயை மூடிக்கொண்டான். கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். அந்த ஊரில் ஆண்பிள்ளை நாலு பேர் முன்னால் அம்மா பெயரைச் சொல்லமாட்டான். சொன்னால் அடுத்த நாள் தெருவே அவனை அந்தப் பெயரால் கூப்பிடும். ஃபிக்ரி எழுந்து போய், "என் காதுல சொல்லுடா" என்றார். அப்போதும் சொல்லவில்லை. மானமுள்ள பையன் என்று நினைத்து, கோடு இழுத்துவிட்டு, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். அந்த டீயை நினைத்து இத்தனை வருடமாக உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்று உண்டு. அதை அவர் நினைப்பதில்லை. நினைக்காமல் இருக்கப் பழகி ரொம்ப நாளாகிறது.

"பாஷா, தூங்கிட்டீங்களா? கைதானவன் பாக்கெட்ல என்ன இருந்துச்சுன்னு பாருங்க." தௌலத் வாசித்தாள். "பித்தளை விசில் ஒண்ணு. சோளமணி ஒரு கைப்பிடி. ட்ராம் டிக்கெட் ஒண்ணு. படகு மோட்டார் திருடப் போறவன் சோளத்த எதுக்குக் கொண்டுபோறான்? மோட்டாருக்குத் தீனி வைக்கவா?"

"விசிலும் சோளமும்னா…"

"புறா" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில்.

பதிவேட்டில் இருந்த விலாசம் கேத் அல்-இனப் பேட்டை. அங்கே மாடிக்கு மாடி மரப்பலகையில் கோபுரம் கட்டிப் புறா வளர்ப்பார்கள். மழை வரும்போலிருந்தது. டிசம்பர் மாதத்துப் புயல் கடலில் உறுமிக்கொண்டிருந்தது. மினிபஸ்ஸில் போய் இறங்கி, தௌலத் ஆளுக்கொரு ஈரல் சாண்ட்விச் வாங்கினாள். ஃபிக்ரி ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே வைத்திருந்தார்.

"மொளகா போதலையா பாஷா?"

"பசிக்கல."

"ஈரலப் பாத்து உங்களுக்குப் பசிக்கலன்னா, ஒண்ணு காதல், இல்ல காய்ச்சல். வயச வச்சுப் பாத்தா காய்ச்சல்தான்."

புறாக்காரர்கள் கூடும் காபிக்கடையில் ஒரு ஆள் சட்டைக்குள் ஒரு புறாவைப் பொத்தி வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். புறாவின் தலை மட்டும் காலர் வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. தௌலத் அந்தப் புறாவிடமே பேச்சை ஆரம்பித்தாள்.

"தம்பி, உங்க முதலாளிகிட்ட ஒரு விஷயம் கேக்கணும். இந்தப் பேட்டைல பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி பித்தளை விசில் வச்சிருந்தது யாரு?"

ஆள் சிரித்தான். "பித்தளை விசிலா? நாங்கல்லாம் வாய்ல விரல வச்சு ஊதறவங்கம்மா. விசில் வச்சிருந்தவன் பயூமி ஒருத்தன்தான். அவனுக்கு முன்பல் ரெண்டும் கெடையாது. விரல வச்சா காத்துதான் வரும்."

ஃபிக்ரிக்கு அந்த டீ ஞாபகம் வந்தது. டீ வாங்கிக் கொடுத்தபோது அந்தப் பையன் சிரித்தான். நடுவில் ஓட்டை.

"இப்ப எங்க இருக்கான்?" என்று கேட்டார்.

"அதே வீடு, அதே மாடி. நடுவுல ஒரு ரெண்டு வருஷம் ஆளு காணாமப் போயிட்டான். பெருநாளுக்கு மூணு நாள் இருக்கறப்ப போனவன். கடல்ல விழுந்துட்டான்னு அவங்கம்மா கரையெல்லாம் தேடுச்சு, பாவம். அப்புறம் ஒரு நாள் வந்தான். எங்க போனன்னு கேட்டா வாயத் தொறக்கல."

"இத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்றாள் தௌலத்.

"புறாக்காரன் சாட்சி கோர்ட்ல செல்லாதும்மா. அடுத்தவன் புறாவப் புடிச்சு வச்சுக்கிட்டு என்னுதுன்னு சத்தியம் பண்றவங்க நாங்க. இதோ, இதுவே பக்கத்துத் தெருக்காரனோடது."

பயூமியின் வீடு ஐந்தாவது மாடிக்கும் மேலே. இரண்டாவது மாடியிலேயே ஃபிக்ரிக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவதில் தௌலத் நின்றாள்.

"பாஷா, ஒரு நிமிஷம். பேர் ஒத்துமைன்னா இவன் பேரும் ஆஷூரா இருக்கணும். ஆனா இவன் பயூமி."

"ம்."

"அப்போ ஆஷூர்ங்கற பேர இவன் வேணும்னே சொல்லியிருக்கான். அந்தக் கோடும் இப்பப் புரியுது. கோர்ட் வாசல்ல எத்தன ஆம்பளைங்க என் காதுகிட்ட வந்து குசுகுசுன்னு அம்மா பேரச் சொல்லியிருக்காங்க தெரியுமா? மீசக்காரன், ரவுடி, பாங்க் மேனேஜர், எல்லாரும். வெக்கப்படறவன் காதுலயாவது சொல்லிருவான். சொல்லாமலே போனவன் ஒருத்தன்கூடக் கெடையாது. இவன் ஏன் சொல்லல? ஆஷூரோட அம்மா பேரச் சொல்லணும். அது இவன் அம்மா இல்லையே. எல்லாத்துலயும் பொய் சொல்ல முடிஞ்சவனுக்கு அதுல மட்டும் நாக்கு பெரளல."

ஃபிக்ரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். மானமுள்ள பையன் என்று நினைத்தது தவறில்லை. எந்த மானம் என்று தெரியாமல்தான் கோடு போட்டிருக்கிறார். ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும்.

மொட்டைமாடியில் பயூமி கையில் கொடியோடு நின்றிருந்தான். தலைக்கு மேலே அவனுடைய கூட்டம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் இறக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் விசிலை ஊதினான். புறாக்கள் ஒவ்வொன்றாகப் பலகையில் வந்து உட்கார்ந்தன. திரும்பினான். ஃபிக்ரியைப் பார்த்தான். விசிலை மெதுவாக வாயிலிருந்து எடுத்தான்.

"வாங்க சார்" என்றான். "கொஞ்சம் பெருத்துட்டீங்க."

தௌலத் பயூமியைப் பார்த்தாள். ஃபிக்ரியைப் பார்த்தாள்.

ஃபிக்ரி விஷயத்தைச் சொன்னார். ஆஷூர், அவன் பெண்சாதி, புதன்கிழமை மதியம். பயூமி கூண்டுக் கதவுகளைச் சாத்திக்கொண்டே கேட்டான்.

"மோட்டாரத் திருடினது யாரு?" என்றார் ஃபிக்ரி.

"வேற யாரு, ஆஷூருதான். மோட்டார்சைக்கிள் வாங்கணும்னு ஆச. வாரன்ட் வந்துருச்சு. அவங்கம்மாவுக்கு அப்போ கிட்னி போயிருந்துச்சு, வீட்ல சம்பாதிக்கறவன் அவன் ஒருத்தன். அந்தம்மா எங்கிட்ட வந்து அழுதாங்க. நான் பொறந்தப்போ எங்கம்மாவுக்கு ஜன்னி. நாப்பது நாள் எனக்குப் பால் குடுத்தது ஆஷூரோட அம்மா. பால் குடுத்தவங்க வந்து நிக்கறாங்க, எனக்கோ புறாவத் தவிர ஒண்ணும் கெடையாது. நானே ஸ்டேஷனுக்கு வந்து ஆஷூர்னு சொன்னேன். அவங்க ரெண்டு பேரும் ஊருக்கு அந்தப் பக்கம் வீடு மாத்திட்டுப் போயிட்டாங்க."

"அம்மா பேர் மட்டும் ஏன்…"

"அது ஒண்ண மட்டும் முடியல சார். பால் குடுத்ததுக்குப் பேரத் தரலாம். பெத்தவ உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தி பேரச் சொன்னா, நான் எங்கம்மாவ இல்லன்னு சொன்ன மாதிரி."

தௌலத் தலையாட்டினாள். தன் ஊகம் சரியாக வந்ததில் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி. "அப்போ கதை முடிஞ்சுது பாஷா. நீங்க வந்து சொன்னாப் போதும் அண்ணே…"

"நான் அப்பவே சொன்னேனேம்மா" என்றான் பயூமி.

புறாக்கள் கூண்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. ஃபிக்ரி தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணாவது நாள். பெருநாளுக்கு மொத நாள். லாக்கப்புல இருந்து கேட்டா, எங்கம்மா வெளில யாரையோ கெஞ்சிக்கிட்டு இருக்கற சத்தம். பயூமின்னு ஒரு பையனப் பாத்தீங்களா, கடல்ல ஏதாவது பொணம் ஒதுங்குச்சான்னு. ஒருத்தன் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டான். எனக்குத் தாங்கல. சாரக் கூப்ட்டேன். நான் ஆஷூர் இல்ல, பயூமி, எங்கம்மாவக் கூப்டுங்கன்னேன். சார் கைல பெருநாளுக்கு வாங்கின பலகாரப் பெட்டி இருந்துச்சு. ஊருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாரு. பைலக் கட்டியாச்சு, பெருநாள் முடிஞ்சு பேசிக்கலாம்னாரு."

"பேசினாரா?" என்றாள் தௌலத். குரலில் விளையாட்டு இல்லை.

"பெருநாள் அன்னிக்கே என்னை ஜெயிலுக்கு மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் நான் சொன்னத யாரும் காதுல போட்டுக்கல. எங்கம்மா ரெண்டாவது வருஷம் செத்துப்போச்சு. அடக்கத்துக்கு அனுப்பச் சொல்லி யாரு கேக்க முடியும்? ஜெயில்ல இருந்தவன் ஆஷூர். ஆஷூரோட அம்மா உசுரோட இருந்தாங்க."

ஃபிக்ரி ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். பெருநாள் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியபோது லாக்கப் காலியாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த 'அப்பாடா'வைத்தான் பத்தொன்பது வருடமாக மூடிவைத்திருந்தார். மறந்துவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். மறக்கவில்லை. பலகாரப் பெட்டியில் கட்டியிருந்த சிவப்பு நூல்கூட ஞாபகம் இருந்தது.

"அந்தக் கோட்டப் போட்ட மகராசன்…" என்று ஆரம்பித்தாள் தௌலத்.

"நான்தான்."

தௌலத் கொடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். பிறகு, "காலைல என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"பயூமி, நான்…" என்று எழுந்தார் ஃபிக்ரி.

"வேணாம் சார். மன்னிப்ப வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நான் வந்து சொல்றேன். எனக்கு ஆஷூர் மேல கோவம் தீர்ந்து போச்சு, அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? ஆனா என் பேச்ச யாரு நம்புவா? பொய்ப் பேர் சொன்னவன், அதுவும் புறாக்காரன்."

"நம்பற மாதிரி ஒரு சாட்சி இருக்கு" என்றாள் தௌலத், ஃபிக்ரியைப் பார்க்காமலேயே.

செவ்வாய்க்கிழமை காலையில் ஃபிக்ரி தனியாகப் படகுப் பட்டறைக்குப் போனார். ஆஷூர் அவர் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே போட்டான்.

"பயூமியப் பாத்துட்டீங்க."

"பாத்தேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள உன் பொண்டாட்டிகிட்ட நீயே சொல்லிடு. நீ சொல்லலன்னா நாளைக்கு நான் சொல்வேன்."

"திருடின கேஸ் பழசாயிடுச்சு, இனிமே போட முடியாதுன்னு வக்கீல் சொன்னாரு சார்."

"கேஸப் பத்தி யாரு பேசினா?"

ஆஷூர் எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்தான். கறைதான் ஏறியது. "பயூமியோட அம்மா எங்க தெருவுக்கு வந்து என்கிட்டயே கேட்டுச்சு சார், என் மகனப் பாத்தியான்னு. இல்லன்னேன். அத குல்னோராகிட்ட எப்படிச் சொல்லுவேன்?" என்று சின்னப் பிள்ளைபோல் அழுதான். ஃபிக்ரிக்கு அவனைத் திட்டத் தகுதி இல்லை என்று தெரிந்திருந்தது. தோளைத் தட்டவும் மனசு வரவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது தௌலத் டைப்ரைட்டரில் தாள் செருகி வைத்திருந்தாள். அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். 'மூன்றாவது நாளே எனக்குத் தெரியும்' என்ற இடத்தில் மட்டும் விரல் நின்றது.

"இதப் போட்டா உங்க பென்ஷன நிறுத்துவாங்க. கேஸும் வரலாம். 'எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது'ன்னு போடட்டுமா? கொஞ்சம் பதமா இருக்கும்."

"தெரியும்னே போடு."

போட்டாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஐந்து பேரும் இருந்தார்கள். மழை வெளுத்து வாங்கியது. குல்னோரா புருஷனை விட்டு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவன் சொல்லிவிட்டான் என்று ஃபிக்ரிக்குப் புரிந்தது. பயூமி தாழ்வாரத்தின் கடைசியில், காக்கிச் சட்டைக்காரர்கள் கடந்து போகும்போதெல்லாம் காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். முதலில் பயூமியின் வாக்குமூலத்தைப் படித்து உதட்டைப் பிதுக்கினார். அடுத்து ஃபிக்ரியுடையதைப் படித்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். உள்ளே அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"ஃபிக்ரி சார், நீங்க எங்கப்பாவோட ஒண்ணா வேல பாத்தவரு. உரிமையோட சொல்றேன். இதுல இன்னும் கையெழுத்துப் போடல நீங்க. எடுத்துக்கிட்டுப் போயிருங்க. அந்தம்மாவுக்கு ஒரு மாசம் நான் தள்ளிப் போடறேன். அதுக்குள்ள வேற வழி எதாவது கெடைக்கும்."

"கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா கெளம்ப வேண்டியதுதான். வெளிநாட்டுக்காரங்க. ஒரு மாசத்துல யாரு ஞாபகம் வச்சுக்கப் போறா? உங்களுக்கு எதுக்கு சார் இந்த வயசுல?"

ஃபிக்ரியின் மனசு துள்ளியது. உண்மையைச் சொன்னால் துள்ளத்தான் செய்தது. எழுந்து போய்விடலாம். பென்ஷன் இருக்கும், பெயர் இருக்கும், செருப்புக் கடைக்கு மேலே போர்டு இருக்கும். மனசு துள்ளிய அந்தக் கணத்துக்காகவே அவருக்கு வெட்கமாக இருந்தது. பஸ் பிடிக்கப் போன அதே ஆள்தான் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்துபோனது.

"பேனா குடுங்க தம்பி" என்றார்.

கையெழுத்துப் போட்டார். அதிகாரி மணியடித்துக் குல்னோராவின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். அரசு வழக்குரைஞர் அலுவலகம் அந்தத் தண்டனையை ஆஷூர் பெயரிலிருந்து எடுக்கிற வரைக்கும் மூன்று மாதத் தங்கல் அனுமதி. முத்திரை விழுந்தது. "நீங்க போயிராதீங்க சார்" என்றார் ஃபிக்ரியிடம், இப்போது வேறு குரலில். "அரசு வழக்குரைஞர்கிட்ட உங்களக் கூட்டிட்டுப் போகணும். ஆள் வரும்."

தாழ்வாரத்தில் குல்னோரா பாஸ்போர்ட்டைப் பிரித்து முத்திரையைப் பார்த்தாள். ஆஷூர் பக்கத்தில் வந்து நின்றான். "இனிமே பயமில்ல குல்னோரா. வீட்டுக்குப் போலாம் வா."

அவள் பாஸ்போர்ட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"இந்த நாட்டில் தங்க அரசாங்கம் எனக்கு அனுமதி கொடுத்துவிட்டது. உங்களோடு தங்க நான் இன்னும் எனக்கே அனுமதி கொடுக்கவில்லை" என்றாள். அழுகை வந்தும் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. பிறகு தாழ்வாரத்தின் கடைசிக்கு நடந்து போனாள். பயூமி எழுந்து நின்றான்.

"சகோதரரே, உங்கள் தாயாரை எங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள்?"

"கபர்ஸ்தான்லதாம்மா. அந்தப் பழங்காலக் கல்தூணுக்குப் பின்னால. ட்ராம்ல போலாம்."

"இப்போது என்னை அங்கே அழைத்துச் செல்லுங்கள்." திரும்பிப் பார்க்காமலேயே சேர்த்துச் சொன்னாள். "அவரும் வரட்டும். அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியது அவருக்கு இருக்கிறது."

ஆஷூர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் போனான். மூன்று பேரும் படியை நெருங்கியபோது ஃபிக்ரியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"பயூமி" என்று கூப்பிட்டார். "ஒரு நாளைக்கு நானும் வரலாமா? உங்கம்மாகிட்ட."

பயூமி படியில் நின்று யோசித்தான். கோபமாகத் தெரியவில்லை. ஒரு புறாவை வாங்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதுபோல் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"மொதல்ல உள்ள போய் எல்லாத்தையும் சொல்லிட்டு வாங்க சார். அன்னிக்கு எங்கம்மா ஸ்டேஷன் வாசல்ல நின்னத விட்றாதீங்க. அத உங்க தாள்ல காணோம்."

இறங்கிப் போய்விட்டான்.

அவன் சொன்னது சரி. அந்த அம்மாவின் அழுகை தாளில் இல்லை. லாக்கப்புக்குப் போகும் வழியில், அந்தப் பையன் கூப்பிடுவதற்கு முன்பே, ஃபிக்ரி அவளைத் தாண்டித்தான் வந்தார். ஒரு கையில் செருப்பைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். 'இல்லம்மா, போம்மா' என்று சொல்லி அனுப்பிய அந்த ஒருத்தன் வேறு யாரோ அல்ல. அதைத் தௌலத்திடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

ஒரு கான்ஸ்டபிள் வந்து, "ஃபிக்ரி யாரு? எந்திரிங்க" என்றான்.

தௌலத் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள். "நானும் வரேன். தாள் பத்தாது, இன்னொண்ணு அடிக்கணும்போல இருக்கு."

"ஆமா" என்றார் ஃபிக்ரி. "இன்னொரு வரி இருக்கு." கான்ஸ்டபிளுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.